அஞ்சலை கொண்டுவந்த பாட்டில்

1

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஆய்வகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது நைனார்பாளையத்திலிருந்து தொலைபேசி வந்தது. பேசியவள் அஞ்சலை, என் தம்பி ஏழுமலையின் மனைவி. கணவனின் அண்ணனை மாமா என்று அழைப்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

“மாமா, வர ஐப்பசில அவருக்குத் தலைத்திவசம். வரீங்களா, இல்ல போன வருசம் மாதிரி போன்லயே அழுதுக்கினு இருந்துடுவீங்களா?”

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். சென்ற ஆண்டு தம்பி இறந்த செய்தி வந்தபோது நான் அழவில்லை. “சரிம்மா, ஆக வேண்டியதைப் பாருங்கள்” என்று மட்டும் சொன்னேன். அது அவளுக்கு நினைவிருக்கிறது. கேலி அதைப் பற்றியது.

வருகிறேன் என்றேன். பயணச்சீட்டும் எடுத்தாகிவிட்டது. ஆனால் போவதற்கு முன் அவளிடம் சொல்லியாக வேண்டிய செய்தி ஒன்று இருந்தது.

இந்தப் பத்திரிகையில் நான் எழுதும் குறிப்புகளைப் படிப்பவர்களுக்கு என் தொழில் ஓரளவு தெரிந்திருக்கும். ஜெர்மனியின் நடுத்தர நகரம் ஒன்றில், நச்சுப் பொருள்களால் நரம்பணுக்கள் சாகாமல் காக்கும் மருந்துகளை உருவாக்கும் குழுவில் முப்பதாண்டுகளுக்கு மேலாக வேலை பார்க்கிறேன். அடுத்த ஆண்டு ஓய்வு. பனியைப் பற்றியும் ரயில்களைப் பற்றியும் இங்கே நிறைய எழுதியிருக்கிறேன். இந்தத் தொழிலுக்கு ஏன் வந்தேன் என்பதை எழுதியதில்லை.

என் தம்பியின் பார்வை போனதற்கு அஞ்சலைதான் காரணம் என்று எங்கள் குடும்பம் நம்பியது. ஊர் இன்றும் நம்புகிறது. அது பொய் என்பது எனக்குப் பல ஆண்டுகளாகத் தெரியும். அவளிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருந்த செய்தி அதுதான்.

2

தம்பி இறந்தபோது ஏன் போகவில்லை என்று உறவினர்கள் கேட்டார்கள். கடவுச்சீட்டு புதுப்பிக்கப் போயிருந்தது. அந்த வாரம் என் பெயரில் செல்லுபடியாகும் பயண ஆவணம் எதுவும் என் கையில் இல்லை.

ஆயினும் விடுப்பு கேட்டு நிறுவனத்தின் பணியாளர் அலுவலகத்துக்குப் போனேன். துக்க விடுப்புக்கு ஒரு படிவம் உண்டு. அதில் நெருங்கிய உறவினர் என்ற தலைப்பின் கீழ்க் கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள் எனக் கட்டங்கள் இருந்தன. உடன்பிறந்தவருக்குக் கட்டம் இல்லை. அங்கிருந்த பெண் அலுவலர் நல்லவர். ‘பிறர்’ என்ற கட்டத்தில் குறியிட்டு, பக்கத்தில் விளக்கம் எழுதச் சொன்னார்.

எழுதத் தொடங்கியபோதுதான் இத்தனை ஆண்டுகளாகப் பேசிவரும் ஜெர்மன் மொழி கைவிட்டது. இறப்பைக் குறிக்கும் நேரடிச் சொல்லை எழுதக் கை வரவில்லை. நம் ஊரில் மறைத்துச் சொல்வதுபோல் ‘போய்விட்டான்’ என்பதை அப்படியே அவர்கள் மொழியில் எழுதிக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, “எங்கே போனார்? காவல்துறையில் புகார் கொடுத்தீர்களா?” என்று அக்கறையோடு கேட்டார். திருத்தி எழுதினேன். ஒருநாள் விடுப்பு கிடைத்தது. அந்த ஒருநாளும் வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாமல் ஆய்வகத்துக்கே போனேன்.

ஏழுமலை இருந்தவரை ஞாயிறுதோறும் பேசுவான். பார்வை போனபின் மரவள்ளித் தோட்டத்து வேலை அவனுக்கு இயலாமல் போயிற்று. வீட்டின் முன்னால் உட்கார்ந்து கிழங்கு சீவிக் கொடுப்பான். சாலையில் போகும் பேருந்தின் சத்தத்தைக் கேட்டே அது எந்த ஊர் வண்டி என்று சொல்வான். என்னிடம் பேசும்போதெல்லாம் ஒரே கேள்விதான்.

“இன்னாண்ணா, உன் மருந்து எலிக்காவது கண்ணு குடுத்துச்சா?”

“இன்னும் இல்லடா.”

“ஒண்ணும் அவசரமில்ல. எலிதான் க்யூவுல மொதல்ல நிக்குது. நான் அப்பால நின்னுக்கறேன்.”

அவனுக்கு இது வேடிக்கை. தொலைபேசியை வைத்தபின் நெடுநேரம் எனக்கு வேறு எதுவும் ஓடாது.

3

எண்பதுகளின் பிற்பகுதி. எங்கள் பகுதி அப்போது தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் என்று அறிவித்திருந்தார்கள். உளுந்தூர்பேட்டையில் லாரிகள் வரிசை கட்டி நிற்பதாகச் செய்தி வந்தது. சின்னசேலத்திலிருந்து கள்ளக்குறிச்சி போகும் சாலையில் புளியமரங்கள் குறுக்கே வெட்டிப் போடப்பட்டிருந்தன. பேருந்து இல்லை, தபால் இல்லை.

நான் சென்னையில் வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தேன். மறியலுக்கு முதல்நாள் ஊருக்கு வந்து மாட்டிக்கொண்டேன் என்று பிற்பாடு நண்பர்களிடம் சொல்லியிருக்கிறேன். அது முழு உண்மை அன்று. கோரிக்கை நியாயமானது என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். எங்கள் தெருவில் பட்டம் வாங்கியவன் நான் ஒருவன்தான். ஊர்க்காரர்கள் கேட்டபடி துண்டறிக்கை எழுதிக் கொடுத்தேன். அதில் நானாகச் சேர்த்த வரி ஒன்று உண்டு: ‘மறியலில் நிற்போர் எவரும் மதுவைத் தொடலாகாது. ஒருவர் குடித்தாலும் கெடுவது நம் அனைவரின் பெயர்.’

மூன்றாம் நாள் மாலை, சாலை வளைவில் காவல் நின்றவர்களுக்கு லாரி டியூபில் சாராயம் வந்தது. கல்வராயன் மலையில் காய்ச்சியது என்று சொல்லிக் கொடுத்தார்களாம். மலைக்காரர்கள் காய்ச்சியது அவ்வளவு மோசமாக இருந்ததில்லை. கீழே யாரோ தொழிற்சாலையில் பயன்படும் மெத்தனாலைக் கலந்து பெருக்கியிருக்க வேண்டும். ஏழுமலையும் அவன் நண்பன் கலியனும் குடித்தார்கள். ஏழுமலைக்கு அப்போது இருபத்துமூன்று வயது. கல்யாணமாகி ஓராண்டு.

மறுநாள் காலை முழுவதும் வாந்தி. நண்பகலில் என்னை அழைத்தான்.

“அண்ணா, வூட்டுக்கு வெள்ளையடிச்சிட்டாங்களா? எங்கப் பார்த்தாலும் சுண்ணாம்பாட்டம் கீது.”

அவன் பகடி பேசுகிறான் என்று நினைத்தேன். குடித்திருக்கிறான் என்பது நாற்றத்திலேயே தெரிந்தது. எனக்குக் கவலை வரவில்லை, வெட்கம்தான் வந்தது. குடிக்காதே என்று எழுதியவனின் தம்பியே குடித்துவிட்டுக் கிடக்கிறான் என்று வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்பதுதான் என் யோசனை. கேட்டவர்களிடமெல்லாம் வயிற்றுப்போக்கு என்றேன். கம்பவுண்டரிடமும் அதையே சொன்னேன். அவர் அதற்கு உரிய ஊசியைப் போட்டுவிட்டுப் போனார்.

அஞ்சலை மலையடிவாரத்தில், கச்சிராயபாளையம் பக்கத்துச் சிற்றூரில் பிறந்தவள். அதுவரை என் எதிரில் நின்று பேசியதில்லை. அன்று பேசினாள்.

“மாமா, இது வயித்துப்போக்கு இல்ல. கெட்ட சரக்கு. எங்க ஊர்ல இப்படிக் கண்ணு மங்குனா நல்ல சரக்கு வாங்கியாந்து குடுப்பாங்க. கெட்டத அது தள்ளிக்கினு போயிடும்.”

அவள் வெளியே போனாள். அடுத்த தெருவில் பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் இருந்தார். அவர் வீட்டிலிருந்து முக்கால் பாட்டில் மிலிட்டரி பிராந்தியை முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுவந்தாள். நான் உள்ளே நுழைந்தபோது அவள் ஏழுமலையின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். பாட்டில் கையில் இருந்தது.

பறித்தேன்.

“குடிச்சிக் கெட்டவனுக்கு மேல மேல ஊத்துவியா? நீ பொண்டாட்டியா, சாராயக் கடைக்காரியா?”

“கொஞ்சம் குடுத்துப் பார்க்கலாம் மாமா. ஆஸ்பத்திரிக்குத்தான் போக முடியலயே.”

“நான் படிச்சவனா, நீ படிச்சவளா?”

இந்தக் கேள்வியை நான் கேட்டேன். பின்கட்டில் மாட்டுத் தொட்டியின் ஓரமாக நின்று அந்தப் பாட்டிலைக் கடைசிச் சொட்டுவரை கவிழ்த்தேன். எங்கள் அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டார் இருவரும் பார்த்தார்கள்.

மறுநாள் விடியும்போது அவனுக்கு வெளிச்சம்கூடத் தெரியவில்லை. மாட்டுவண்டியில் ஏற்றினோம். மரம் கிடந்த இடங்களில் மறியலில் நின்றவர்களே ஓடிவந்து வண்டியைத் தூக்கித் தாண்டவைத்தார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். கள்ளக்குறிச்சி மருத்துவமனைக்குப் போய்ச் சேரும்போது உச்சி வெயில். மருத்துவர் நரம்பில் மருந்து ஏற்றிக்கொண்டே, ஏன் இத்தனை தாமதம் என்று கடிந்தார். கலியனை எங்கும் கொண்டுபோக முடியவில்லை. அவன் அதற்கு முன்பே இறந்திருந்தான்.

ஏழுமலை பிழைத்தான். கண் திரும்பவில்லை.

ஊரில் கதை வேறு விதமாக உருண்டது. ‘சாதாரண வாந்திதான், பொண்டாட்டி பிராந்தியை ஊற்றினாள், கண் போயிற்று.’ என் வாயிலிருந்து வந்த வயிற்றுப்போக்கும் என் கையில் இருந்த பாட்டிலும் சேர்ந்து உருவான கதை அது. நான் மறுக்கவில்லை. ‘பிராந்தி அஞ்சலை’ என்ற பெயர் அந்த மாதமே நிலைத்துவிட்டது. ரேஷன் கடை வரிசையில்கூட அந்தப் பெயரால்தான் அவளைக் கூப்பிடுவார்களாம். எங்கள் அம்மா அதன்பிறகு ஒரு பொங்கலுக்கும் அவளைப் பானை இறக்க விடவில்லை.

4

இரண்டாண்டுகள் கழித்து, மேல் ஆய்வுக்காக இந்த நாட்டுக்கு வந்தேன். வந்த முதல் குளிர்காலத்தில் பல்கலைக்கழக நூலகத்தில் நச்சியல் நூல் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். மெத்தனால் என்ற தலைப்பு வந்தது. முதலில் பக்கத்தைத் தள்ளினேன். பிறகு திரும்பி வந்தேன்.

மெத்தனால் தன்னளவில் பெரிய நஞ்சு அன்று. கல்லீரலில் உள்ள நொதி ஒன்று அதைப் படிப்படியாக மாற்றுகிறது. முடிவில் உண்டாவது, எறும்பு கடித்தால் எரிச்சல் தரும் அதே அமிலம். அந்த அமிலம் கண்ணுக்குப் பின்னால் இருக்கும் பார்வை நரம்பைத் தாக்குகிறது. ஆனால் அந்த நொதிக்கு மெத்தனாலைவிடச் சாதாரண மதுவின் மீது நாட்டம் அதிகம். இரண்டும் உடலில் இருந்தால் மதுவை முதலில் எடுத்துக்கொள்கிறது. மெத்தனால் காத்திருக்கிறது, காத்திருக்கும்போதே சிறுநீரில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறுகிறது.

நூலில் சிகிச்சை என்ற தலைப்பின் கீழ் முதலில் இருந்தது எத்தனால். அதாவது பிராந்தியில் இருப்பது.

இதைப் படிக்கும் எவரும் வீட்டில் வைத்து இந்த வைத்தியத்தைச் செய்துவிடக் கூடாது. அளவு தெரிந்து, இரத்தத்தைச் சோதித்து, மருத்துவமனையில் செய்ய வேண்டியது அது. இப்போது வேறு மருந்துகளும் உண்டு. இரத்தத்தைச் சுத்திகரிக்கும் இயந்திரமும் உண்டு. ஆனால் சாலைகள் மூடிக்கிடந்த அந்தப் பிற்பகலில், நைனார்பாளையத்தில் இருந்த ஒரே மருந்து அந்த முக்கால் பாட்டில்தான். அதை மாட்டுத் தொட்டி ஓரத்தில் கவிழ்த்தவன், அந்தத் தெருவில் வேதியியல் படித்த ஒரே ஆள்.

அன்றே கடிதம் எழுத உட்கார்ந்தேன். ‘அன்புள்ள தம்பிக்கு’ என்பதோடு நின்றது. அப்போது அம்மா உயிரோடு இருந்தார். அவருக்கு இது தாங்காது என்று காரணம் சொல்லிக்கொண்டேன். அம்மா இறந்தபின், பழைய புண்ணை ஏன் கிளற வேண்டும் என்று சொல்லிக்கொண்டேன். காரணங்கள் மாறின. நான் வாய் திறக்கவில்லை. கடிதத்துக்குப் பதிலாக ஆய்வுத் துறையை மாற்றிக்கொண்டேன்.

5

நாங்கள் உருவாக்கும் மருந்து பெப்டைடு வகையைச் சேர்ந்தது. அது என்ன என்று ஊரில் கேட்பார்கள். புரதம் அமினோ அமிலங்களைத் தொடர்ச்சியாக இணைத்து உண்டான நீண்ட பொருள். அதில் எட்டு, பத்து அமிலங்கள் மட்டும் கொண்ட சிறு துண்டே பெப்டைடு. கடுகினும் சிறிய பிசின் மணிகளின் மேல் ஒவ்வோர் அமிலமாக ஏற்றுவோம். ஏற்றியதும் கழுவி, சில மணிகளை எடுத்து ஒரு நிறச் சோதனை செய்வோம். நீலம் வந்தால் எங்கோ இணையாமல் மிச்சம் இருக்கிறது. அதே அமிலத்தை மறுபடி ஏற்ற வேண்டும். மஞ்சளாகவே நின்றால் அடுத்ததற்குப் போகலாம். அவசரப்பட்டு நீலத்தைப் பார்க்காததுபோல் மேலே சென்றால், இறுதியில் கிடைப்பது வேறொரு பொருள்.

என் குழு கண்டுபிடித்த பெப்டைடில் எட்டு அமிலங்கள். இரத்தத்தில் விட்டால் முதலில் சில நிமிடங்களில் சிதைந்துபோயிற்று. அதன் இரு முனைகளையும் மூடி, ஓர் அமிலத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றி, நிலைத்து நிற்கும்படி செய்வதற்குப் பல ஆண்டுகள் போயின. எலியின் விழித்திரை நரம்பணுக்களைக் கிண்ணத்தில் வளர்த்து, மேலே அந்த எறும்பு அமிலத்தை விடுவோம். அணுக்கள் உருண்டு சுருங்கி உதிரும். எங்கள் பெப்டைடை முன்பே கொடுத்திருந்தால் உதிராமல் நிற்கும். அதை நுண்ணோக்கியில் முதன்முதலாகப் பார்த்த அன்று, என் உதவியாளர் ஹெல்கா கேக் வாங்கிவந்தார்.

பிறகுதான் இடர் தெரிந்தது. நஞ்சுக்கு முன்போ, உடனடியாகவோ கொடுத்தால் பயன் இருந்தது. சில மணி நேரம் கழித்துக் கொடுத்தால் பயன் இல்லை. அமினோ அமிலங்களின் வரிசையை மாற்றினோம், அளவை மாற்றினோம். தாமதமாக வந்த எதையும் அந்த அணுக்கள் ஏற்கவில்லை.

இந்த வசந்த காலத்தில் குழு கூடி அந்தத் திட்டத்தை நிறுத்த முடிவு செய்தது. தலைவர் மரியாதையாகத்தான் பேசினார். கெட்ட சாராயம் குடித்தவர் மருத்துவமனைக்கு வருவது எப்போதுமே தாமதமாகத்தான். முன்கூட்டியே மருந்து சாப்பிட்டுவிட்டு யாரும் நஞ்சைக் குடிக்கப் போவதில்லை. தர்க்கத்தில் பிழை இல்லை. புற்றுநோய் மருந்துகளால் கை கால் நரம்பு மரத்துப்போகாமல் காக்க இதே பெப்டைடு உதவக்கூடும். அங்கே நஞ்சு என்றைக்கு உடலில் ஏறும் என்பது முன்பே தெரியும். அதற்கு மாற்றலாம் என்றார். நானும் கையெழுத்திட்டேன்.

உறைபெட்டியிலிருந்து பழைய குப்பிகளை எடுத்து அடுக்கும்போது ஹெல்கா கேட்டார்: “இந்தத் திட்டத்தில் உங்களுக்கு யாரோ இருந்தார்கள், இல்லையா? இத்தனை ஆண்டுகளில் நீங்கள் ஒருமுறைகூடச் சொல்லவில்லை.”

“தம்பி இருந்தான்.”

“அவருக்கு இந்த மருந்து உதவியிருக்குமா?”

“இல்லை. அவனுக்கான மருந்து அன்றே வீட்டில் இருந்தது.”

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. இங்கே மனிதர்கள் அப்படித்தான். ஊராக இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டார்கள்.

6

என் மகள் மலர்விழி இங்கே பிறந்து வளர்ந்தவள். வேறு நகரத்தில் வழக்கறிஞராக இருக்கிறாள். மாதம் ஒருமுறை வருவாள். தமிழ் புரியும், பேசும்போது வினைச்சொல்லைத் தேடி நின்றுவிடுவாள். சித்தப்பாவை நேரில் பார்த்தது மூன்று முறைதான். அவளிடமாவது சொல்லிப் பார்க்கலாம் என்று, அஞ்சலையின் தொலைபேசி வந்த வார இறுதியில் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். என் கையைப் பிடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். பிடிக்கவில்லை.

“அப்பா, சித்திக்கு இது தெரியாதா?”

“தெரியாது.”

“அப்போ தினமும் சித்தி... சித்தி மேலே அந்தத் தண்டனை... இப்பவும் நடக்குதா?”

இலக்கணம் தடுமாறிற்று. பொருளில் தடுமாற்றம் இல்லை. நான் இதைப் பழைய நிகழ்ச்சியாக, என் துக்கமாக மட்டுமே எண்ணி வந்திருக்கிறேன். அது இன்றும் ரேஷன் கடை வரிசையில் ஒருத்தியின் மேல் நடந்துகொண்டிருக்கிறது என்பதை, அந்த ஊரில் ஒரு மாதம் சேர்ந்தாற்போல் தங்கியிராத பெண் எனக்குச் சொன்னாள்.

7

அடுத்த நாள் காலை அஞ்சலையை அழைத்தேன். அங்கே மதிய நேரம். கிழங்கு சீவிக்கொண்டிருக்கிறேன் என்றாள். ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்கியங்களை வரிசையாகச் சொன்னேன். நொதி, அமிலம் எல்லாவற்றையும் எளிமையாக்கிச் சொன்னேன். முடிவில், “நீ கொண்டுவந்ததுதாம்மா சரியான மருந்து. நான் கொட்டினது தப்பு” என்றேன்.

வெகுநேரம் கத்தியின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

“எப்போ தெரியும் உங்களுக்கு?”

“நீ தேவகியைப் பெத்த வருஷம்.”

“தேவகிக்கு இப்ப முப்பத்தாறு, மாமா.”

“ஆமாம்.”

“அத்த செத்தே பதினாலு வருசமாவுது. சாகறதுக்கு மொத நாளு கூட ‘எம்புள்ள கண்ண எடுத்தவளே’ன்னுதான் சொல்லிச்சு. நான் வாயில தண்ணி ஊத்துறேன், தலையத் திருப்பிக்கிச்சு. நீங்க அப்ப வந்திருந்தீங்க. கூடத்துலதான் உக்காந்துக்கினு இருந்தீங்க.”

இருந்தேன். கேட்டுக்கொண்டும் இருந்தேன்.

அவள் தொலைபேசியை வைத்துவிட்டாள். மூன்று நாள் எடுக்கவில்லை. நான்காம் நாள் அவளே அழைத்தாள். அழுதிருந்தாள் என்பது குரலில் தெரிந்தது. ஆனால் பேச்சில் வெட்டு இருந்தது.

“எங்கிட்ட மட்டும் சொல்றதுக்கு இன்னாத்துக்கு மாமா? இத்தினி வருசம் பேரு கெட்டது என் காதுக்குள்ளயா கெட்டுச்சு? ஊர்ல இல்ல கெட்டுச்சு?”

“திவசத்துக்கு வரும்போது எல்லார் முன்னாடியும் சொல்றேன்.”

“சொல்லுவீங்க. பந்தி போட்டு எல பறக்கும்போது ரெண்டு வார்த்த சொல்லுவீங்க. பாயசத்தோட போயிடும். நீங்கதான் பத்திரிகைல எழுதுறீங்களே, பனி பெய்யுது, ரயிலு டைமுக்கு வருதுன்னு. சின்னசேலம் வரைக்கும் படிக்கிறாங்க. இத எழுதுங்க. எழுத்துல கீதுன்னா எவளும் மாத்திச் சொல்ல முடியாது.”

“எழுதறேன்மா.”

“நான் படிச்சவனா நீ படிச்சவளான்னு கேட்டீங்களே, அதையும் வுட்றாதீங்க.”

8

ஆகவே எழுதினேன். மேலே உள்ளவற்றைத் தேவகிக்கு அனுப்பினேன். தேவகி, ஏழுமலையின் மகள். சின்னசேலத்தில் பள்ளி ஆசிரியை. அவள் அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்ட, நான் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தேன். பெப்டைடு பகுதியில் அஞ்சலை, “இத எவன் படிப்பான்? சரி, கெடக்கட்டும்” என்றாள். கலியனின் பெயர் வந்த இடத்தில் ஒன்றும் சொல்லவில்லை. பாட்டிலைப் பறித்த இடத்தைப் படித்ததும் தேவகியை நிறுத்தச் சொன்னாள்.

“நீ கொஞ்சம் வெளிய போம்மா.”

“ஏம்மா? நான் படிச்சிக்கினுதானே இருக்கேன்?”

“போன்னா போயேன். பெரியப்பாகிட்ட ஒண்ணு சொல்லணும்.”

கதவு சாத்தும் ஓசை கேட்டது.

“மாமா. நீங்க எழுதியிருக்கறதுல ஒண்ணு தப்பு.”

“எது?”

“நீங்க உள்ள வரும்போது பாட்டிலு கையில இருந்திச்சுன்னு எழுதியிருக்கீங்க. இருந்திச்சு. ஆனா நான் அதுக்கு முன்னாலயே ஊத்திட்டேன். பாட்டிலு மூடியால ரெண்டு மூடி. முழுங்கிட்டாரு. மூணாவது எடுக்கறதுக்குள்ள நீங்க வந்துட்டீங்க.”

குரலைத் தாழ்த்திக்கொண்டு தொடர்ந்தாள்.

“யாருகிட்டயும் சொன்னதில்ல. அவருகிட்டகூட. ஊரு சொல்றது பொய்யின்னு ஒரு பக்கம் நெனப்பேன். நான் ஊத்தினது நெசம்தானேன்னு இன்னொரு பக்கம் இருக்கும். அந்த ரெண்டு மூடிதான் கண்ண எடுத்துடுச்சோ, அத்த சொல்றது சரிதானோன்னு... அவரு பக்கத்துல உக்காந்து கெழங்கு சீவற ஒவ்வொரு நாளும் நெனச்சிருக்கேன் மாமா.”

இதுவரை நான் அஞ்சலைக்கு இழைத்தது ஊரார் வாயில் ஏறிய ஒரு பழி என்றே கணக்கிட்டிருந்தேன். அவள் அந்தப் பழியை நம்பியும் இருந்தாள் என்பது இப்போதுதான் தெரிந்தது.

“அஞ்சலை, கேள். அந்த ரெண்டு மூடி கண்ணை எடுக்கல. இதுல சந்தேகமே கிடையாது. நான் படிச்ச படிப்பு முழுக்க வெச்சிச் சொல்றேன். எடுக்கல.”

அவள் மூச்சு விடுவது கேட்டது. நான் அழுதேன், தொலைபேசியில்தான்.

பிறகு அவள் கேட்டாள்.

“கலியனும் அதே டியூபுலதான் குடிச்சான். அவன் செத்துட்டான். இவரு பொழைச்சிட்டாரு. அந்த ரெண்டு மூடியாலதான் பொழைச்சாரா?”

ஆம் என்று சொல்ல எனக்கு ஆசையாக இருந்தது. சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். இரண்டு மூடி என்பது மருந்தாகக் கொடுக்க வேண்டிய அளவில் மிகச் சிறிது. மறுபுறம், யார் எவ்வளவு குடித்தார்கள் என்று தெரியாது. சில மணி நேரத் தாமதம் என்ன செய்யும் என்பதை முப்பதாண்டுகளாகக் கிண்ணத்தில் பார்த்து வந்திருக்கிறேன். அவளிடம் இன்னொரு பொய்யை, அன்பினால்கூட, சொல்ல எனக்கு உரிமை இல்லை.

“உறுதியாச் சொல்ல முடியாதும்மா. அது ரொம்பக் கொஞ்சம்.”

“சொல்ல முடியாதுன்னா, இல்லன்னு அர்த்தமா?”

“இல்லன்னும் சொல்ல முடியாது.”

“அப்ப அந்த மாதிரியே எழுதுங்க. கூட்டியும் வேணாம், கொறைச்சும் வேணாம். அஞ்சல ரெண்டு மூடி ஊத்தினான்னு எழுதுங்க.” தேவகியை உள்ளே கூப்பிட்டாள். “நீ வந்து மிச்சத்தப் படி.”